அப்பச்சி நடந்து வந்தாரா, கப்பலில் வந்தாரா?

வாசகர் கேள்வி – பதில்

சின்ன வயதில் நடந்ததாக நாம் சொல்லும் கதைகள் வருஷம் போகப் போக எப்படி உருமாறுகின்றன என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியர் குழுவே எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலும் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து. மீதி, இங்கிருந்து போய் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க ஒரே விஷயம்: சொந்த வாழ்க்கையை மனிதர் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது. எழுதியவர்கள் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பல கடிதங்கள் வீட்டுச் சண்டை. பெயரோடு அச்சில் ஏற வேண்டாம்.

கானாடுகாத்தான் வாசகி: எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 87 வயது. 1942-ல் பர்மாவிலிருந்து தன் ஆத்தாவின் (அம்மாவின்) கையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியாக நடந்து வந்ததாகச் சொல்வார்கள். காலில் அட்டை ஏறியது, வழியில் யாரோ கஞ்சி கொடுத்தது வரை சொல்வார்கள். அத்தைக்கு 93. "இவன் எங்கே நடந்தான்? எங்களோடு கப்பலில் வந்தவன்" என்கிறார்கள். நடந்து வந்தது எங்கள் ஐயாவும் (தாத்தாவும்) கடையில் உதவிக்கு இருந்த அடுத்தாளும்தான் என்பது அத்தை கட்சி. பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் கூடினால் இந்தச் சண்டை நிச்சயம். அப்பச்சி பொய் சொல்கிறவர்கள் இல்லை. யார் சொல்வது சரி?

நான் அத்தை பக்கம் சாய்கிறேன். ஆனால் அப்பச்சி பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு அதைவிட உறுதி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஜப்பானியர் ஊருக்குள் வந்தது 1942 மார்ச் 8. நடுவில் இருந்த அந்த இரண்டரை மாதத்தில் கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலேறினார்கள். கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் பக்கமாகவும் மணிப்பூர் பக்கமாகவும் நடந்தார்கள். அப்போது அப்பச்சிக்கு நாலு வயது, அத்தைக்குப் பத்து. (கொண்டுவிக்கப் போகிறவர்கள், அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போகிறவர்கள், பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போவதுதான் அன்றைக்குப் பெருவழக்கு. குடும்பத்தோடு போன உங்கள் ஐயா கொஞ்சம் புதுமையான ஆள்தான்.)

பெரியவர்களிடம் "உங்களுக்கு நினைவிருக்கும் முதல் சம்பவம் எது?" என்று கேட்டால், சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்த ஒன்றைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அதற்குப் பிறகும் ஆறு, ஏழு வயது வரை அங்கொன்றும் இங்கொன்றும்தான். சம்பவங்களைக் கோத்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி அந்த வயதில் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. நடந்ததைக் கதையாகச் சொல்லும் மொழியும் அப்போதுதான் உருவாகிறது. நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு காட்சி நிற்கலாம், ஒரு சத்தம் நிற்கலாம். இங்கிருந்து கிளம்பினோம், அங்கே தங்கினோம், பிறகு கஞ்சி குடித்தோம் என்று வரிசையாக நிற்பது அபூர்வம்.

அப்படியானால் அட்டை எங்கிருந்து வந்தது? ஐயாவிடமிருந்து. நான் இப்படித்தான் ஊகிக்கிறேன்: ஐயா மெலிந்து கறுத்து வந்து சேர்ந்தபிறகு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முகப்பில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். நாலு வயதில், ஆறு வயதில், எட்டு வயதில் அதைத் தூணோரம் நின்று கேட்ட பிள்ளை உங்கள் அப்பச்சி. கேட்கும்போதே அட்டை, காடு, கஞ்சி எல்லாம் மனக்கண்ணில் ஓடியிருக்கும். மூளை காட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. அது கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா என்ற குறிப்பைத்தான் முதலில் தொலைக்கிறது. மார்சியா ஜான்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த மூலக் குழப்பத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்.

குழந்தை மனத்தை ஆராய்ந்தே பேர் வாங்கிய ழான் பியாஜேவுக்கே இது நடந்தது. இரண்டு வயதில் தள்ளுவண்டியில் இருந்த தன்னை ஒருவன் கடத்தப் பார்த்ததும், ஆயாம்மா போராடி முகத்தில் கீறல் வாங்கியதும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. அவருக்குப் பதினைந்து வயது ஆகும்போது அந்த ஆயாம்மா, அது தான் கட்டிவிட்ட கதை என்று ஒப்புக்கொண்டு, பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் கேட்ட கதை, பிள்ளைக்குள் போய்ப் பார்த்த காட்சியாகிவிட்டது. இரட்டைப் பிள்ளைகளிடையே இது இன்னும் அதிகம். சைக்கிளிலிருந்து விழுந்தது நான்தான் என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். 2001-ல் இதையே தனி ஆய்வாக வெளியிட்டார்கள்.

நினைவு என்றால் பெட்டகத்தில் பூட்டி வைத்த வெள்ளிச் சாமான், எப்போது திறந்தாலும் வைத்தபடி இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது எடுக்கும்போதே இளகுகிறது. 2000-ல் நேடர், ஷாஃபி, லெடூ மூவரும் எலிகளிடம் செய்த சோதனை இதைக் காட்டியது. நன்றாகப் படிந்துவிட்ட பய நினைவுகூட, மறுபடி கிளறப்பட்டால் சில மணி நேரம் இளகிய நிலையில் இருக்கிறது. புதிதாகப் புரதம் உருவாகித்தான் மறுபடி இறுகுகிறது. எண்பது வருஷமாகச் சொல்லப்படும் கதை எத்தனை முறை இளகி இறுகியிருக்கும்!

இதற்காக அத்தையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. அடித்துப் பேசுகிறார்கள் என்பது சான்றாகாது. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாளே உல்ரிக் நைஸரும் நிக்கோல் ஹார்ஷும் 106 மாணவர்களிடம், செய்தி கிடைத்தபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார்கள். கால்வாசிப் பேருக்கு ஒரு விவரம்கூடப் பொருந்தவில்லை. அவர்கள் நிச்சயமாகச் சொன்னதற்கும் சரியாகச் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. தங்கள் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. நைஸரின் சொந்தக் கதையும் சுவையானது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தி வந்தபோது வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்ததாக அவர் வெகுகாலம் நம்பினார். தாக்குதல் நடந்தது டிசம்பரில். டிசம்பரில் அங்கே பேஸ்பால் ஆட்டமே கிடையாது.

சண்டையைத் தீர்க்க வேண்டுமானால் காகிதத்தைத் தேடுங்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீட்டில் நாலு பேர் கப்பல் ஏறிய செலவைப் பேரேட்டில் எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியாது! மேல்மாடியிலோ இரண்டாங்கட்டு அறையிலோ பழைய கணக்குக் கட்டு கிடைக்கலாம். கிடைத்தால் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு வீட்டில் பத்துப் பேர் முன்னால் அதை அப்பச்சி முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். ஐயா நடந்த நடை இன்றைக்கு யார் வாயிலாவது உயிரோடு இருக்கிறது என்றால் அது அவர்கள் வாயில்தான்.

பள்ளத்தூர் வாசகர்: என் ஆத்தாவுக்கு 78. காலையில் மாத்திரை போட்டார்களா என்று கேட்டால் தெரியவில்லை. ஆனால் 1965-ல் நடந்த தன் கல்யாணத்தில் பரப்பிய சாமானை, எத்தனை வெண்கலப் பானை, எத்தனை மங்குத் தட்டு, எந்தப் பெட்டியில் எந்தச் சேலை என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார்கள். இது மறதி நோயா?

நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் நோய் என்று சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள்.

கல்யாணச் சாமான் நினைவிருப்பதில் அதிசயம் இல்லை. நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைக் கேட்டு வயதுவாரியாக அடுக்கினால், பத்து முதல் முப்பது வயது வரை ஒரு மேடு எழும்பி நிற்கும். டேவிட் ரூபினும் மற்ற இருவரும் 1986-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து இதைக் காட்டினார்கள். அந்த வயதில்தான் எல்லாமே முதல் முறை: முதல் ரயில், முதல் சம்பளம், புகுந்த வீட்டில் முதல் சமையல். நான் யார் என்பது உருவாவதும் அப்போதுதான். இடம் பெயர்ந்தவர்களுக்கு இந்த மேடு இடம் மாறுவதும் உண்டு. லத்தீன் அமெரிக்காவிலிருந்து முப்பது வயதுக்கு மேல் அமெரிக்கா போய்க் குடியேறியவர்களுக்கு அந்தக் குடியேற்றக் காலத்தில் மேடு எழுந்தது. நாற்பது வயதில் மலேயாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் ஆத்தா அந்தப் பட்டியலை எத்தனை முறை ஒப்பித்திருப்பார்கள்? ஒவ்வொரு கொழுந்தனார் கல்யாணத்திலும், ஒவ்வொரு பேத்தி கல்யாணத்திலும் "எனக்கு வச்சது" என்று ஆரம்பித்திருப்பார்கள். அது நினைவு பாதி, மனப்பாடம் பாதி.

மாத்திரை விஷயமோ இதற்கு நேர் எதிர். தினமும் ஒரே டம்ளர், ஒரே மேஜை, ஒரே மாத்திரை. இன்றைய காலையையும் நேற்றைய காலையையும் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. நாற்பது வயதுக்காரருக்கும் இந்தச் சந்தேகம் வரும். கிழமை போட்ட மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் பழசு தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நோய் வந்தால் புதியது முதலில் போகும், பழையது கடைசியில்தான் போகும் என்று தியோதூல் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார். அல்சைமர் நோய் ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. அங்கே சேதம் வந்தால் என்ன ஆகும் என்பதை ஹென்றி மொலைசன் என்பவரிடம் உலகம் பார்த்தது. வலிப்புக்காக 1953-ல் அவருக்கு மூளையின் இரு பக்கமும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இளமையில் நடந்ததைச் சொல்லுவார். ஐந்து நிமிடம் முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள். 2008-ல் இறக்கும் வரை அப்படித்தான்.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள். ஒரே கேள்வியை அரை மணிக்குள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா? பழகிய தெருவில் வழி தவறுகிறார்களா? கை பழகிய பலகாரத்தில் முறை தப்புகிறதா? பால் கணக்கு பிடிபடாமல் போகிறதா? இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை இவற்றாலும் மறதி வரும்; இவை சரி செய்யக்கூடியவை. காது கேட்கிறதா என்றும் பாருங்கள். சரியாகக் கேட்காததை மறந்ததாக வீட்டில் எண்ணிக்கொள்கிறார்கள்.

கோட்டையூர் வாசகி: ஆயா (பாட்டி) வீட்டு மரப்பெட்டியைத் திறந்தால் வரும் வாசம், என்னை நேராக ஐந்து வயதுக்குக் கொண்டுபோய் விடுகிறது. போட்டோ பார்த்தால் அப்படி ஆவதில்லையே, ஏன்?

மற்றப் புலன்கள் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். மணத்துக்கு அந்தச் சுற்று இல்லை. மூக்கிலிருந்து வரும் நரம்புப் பாதை, உணர்ச்சிக்கான அமிக்டலாவுக்கும் ஹிப்போகேம்பஸுக்கும் பக்கத்திலேயே போய்ச் சேர்கிறது. சொல்லைக் காட்டிக் கேட்டால் பதின்ம வயது, இளமை வயது நினைவுகள் வரும். மணத்தைக் காட்டினால் பத்து வயதுக்கு உட்பட்டவை அதிகம் வரும் என்று ஸ்வீடனில் வயதானவர்களிடம் செய்த ஆய்வு காட்டுகிறது. தவிர, போட்டோவை அடிக்கடி பார்க்கிறீர்கள். பெட்டியை எப்போதோ திறக்கிறீர்கள். ஒரு யோசனை: அந்தப் பெட்டியில் புது நாப்தலின் உருண்டை எதையும் போட்டுவிடாதீர்கள்.

தேவகோட்டை வாசகர்: குடும்ப வரலாறு எழுதுகிறேன். பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்கிறேன். என்ன நடந்தது என்று மணிக்கணக்கில் சொல்கிறார்கள். எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பத்து வருஷம் முன்பின் ஆகிறது. எதை நம்பி எழுதுவது?

தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள். தவறு பெரியவர்களிடம் இல்லை, கேள்வியில்தான். "எப்போது" என்று ஆரம்பிக்காதீர்கள்.

வில்லெம் வாகனார் என்ற டச்சு உளவியலாளர் தன்னையே சோதனைக்கு வைத்தார். ஆறு ஆண்டுகள், தன் வாழ்க்கைச் சம்பவங்களைக் குறித்து வந்தார்: யார், என்ன, எங்கே, எப்போது. சுமார் 2400 சம்பவங்கள் சேர்ந்தன. பிறகு ஒரு துப்பை மட்டும் பார்த்துவிட்டு மீதியைச் சொல்ல முடிகிறதா என்று சோதித்தார். 1986-ல் முடிவை வெளியிட்டார். "என்ன" என்பதுதான் சிறந்த துப்பு. யார், எங்கே என்பவையும் பரவாயில்லை. தேதியை மட்டும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எதையும் எடுக்க முடியவில்லை. முழுக்க மறந்துபோனதாக அவர் நினைத்த சில சம்பவங்கள்கூட, உடன் இருந்தவர்கள் ஒரு விவரம் எடுத்துக் கொடுத்ததும் திரும்ப வந்தன.

மூளை சம்பவத்தின் மேல் தேதி முத்திரை குத்துவதில்லை. வருஷம் கேட்டால் நாம் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறோம். "பெரியவன் அப்போ நடக்க ஆரம்பிச்சுட்டான், வீட்டுல கரண்டு வந்துருச்சு, அப்ப..." என்று அவர்கள் முணுமுணுப்பதைப் பதிவில் கேட்டிருப்பீர்களே. அந்தக் கணக்கில் ஒரு நிலையான பிசகும் உண்டு. வெகு நாள் முன்பு நடந்தது, நடந்ததைவிடக் கிட்டத்தில் நடந்ததாகத் தோன்றும். இதற்கு எலிசபெத் லாஃப்டஸும் மார்பர்கரும் 1983-ல் ஒரு எளிய மருந்து கண்டுபிடித்தார்கள். "கடந்த ஆறு மாதத்தில்" என்று கேட்பதற்குப் பதிலாக, "செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு" என்று ஊரறிந்த நிகழ்ச்சியை வைத்துக் கேட்டார்கள். பிழை குறைந்தது.

நமக்கு எரிமலை எதற்கு? தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். இந்திரா காந்தி இறந்தது 1984 அக்டோபர் 31. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. சுனாமி 2004 டிசம்பர் 26. "அந்தக் கல்யாணம் எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் பளிச்சென்று வரும். இன்னும் நெருக்கமான குறி வேண்டுமானால் உங்கள் நகரக் கோயில் (நகரத்தார் கோயில்) கும்பாபிஷேகங்களின் தேதியைக் கோயிலிலேயே வாங்கி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்பது பொது வழக்கம், ஆகவே பெரியவர்கள் வாழ்நாளில் ஐந்தாறு குறிகள் கிடைத்துவிடும். கொண்டுவிக்கப் போன காலத்துக்கு இன்னும் நல்ல அளவுகோல் இருக்கிறது: முதலாளிக்காகக் கடை பார்க்கப் போன ஏஜெண்டுகள் மூன்று ஆண்டுத் தவணையில் போய் வந்தார்கள். "ஐயா முதல் தவணை போயிருந்தப்ப நான் பிறந்தேன்" என்று ஒரு ஆச்சி சொன்னால், போன வருஷம் தெரிந்தாலே பிறந்த வருஷம் கைக்குள் வந்துவிடும்.

போஸ்னியாவில் சரயேவோ மக்களிடம் பழைய சம்பவங்களைக் கேட்டபோது போருக்கு முன், போரில், போருக்குப் பின் என்றுதான் காலத்தைச் சொன்னார்கள். வீட்டையும் தொழிலையும் புரட்டிப்போட்ட நிகழ்ச்சிதான் அப்படிக் காலக்கோடாக நிற்கிறது. தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த பெரிய செய்தி அப்படி நிற்பதில்லை. உங்கள் பதிவுகளில் "பர்மா போனதுக்கு அப்புறம்" என்ற பேச்சு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே "போன" என்றால் கைவிட்டுப் போன.

இன்னும் இரண்டு. பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். 1974-ல் லாஃப்டஸும் பால்மரும் ஒரே கார் மோதல் படத்தைக் காட்டி, சிலரிடம் "மோதியபோது" என்றும் சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்றும் வேகத்தைக் கேட்டார்கள். இரண்டாவது கூட்டம் அதிக வேகம் சொன்னது. ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அதிகம் பேர் சொன்னார்கள். அப்புறம், முதலில் ஆளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், பிறகு சேர்த்துவைத்துக் கேளுங்கள். சேர்ந்திருக்கும்போது உரத்த குரலில் பேசுபவர் சொன்னது எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். ஆனால் வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி, ஒருவர் அடி எடுத்துக் கொடுத்து மற்றவர் முடிக்கும்போது, தனியாக வராத விஷயமும் வரும். முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை அடித்துவிட்டால் உங்கள் பேரன் என்றைக்காவது பேரேட்டைக் கண்டுபிடிக்கும்போது விழிப்பான்.

சிங்கப்பூர் வாசகர் (ஊர் நெற்குப்பை): என் மகள் மூன்றரை வயது வரை ஊரில் ஐயா, ஆயாவோடு இருந்தாள். இப்போது ஐந்தரை. வீடியோ அழைப்பில் ஐயா "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கும்போது விழிக்கிறாள். அவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

முகம் வாட வேண்டாம் என்று சொல்லுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. பட்ரீசியா பாவரும் லார்கினாவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் நடந்தவற்றை அம்மாவோடு பேசிய குழந்தைகளிடமே சில ஆண்டுகள் கழித்துக் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு 60 சதவீதத்துக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. உங்கள் மகள் இப்போது இருப்பது அந்த வாசலுக்கு இந்தப் பக்கம்.

"ஞாபகம் இருக்கா" என்பது பரீட்சைக் கேள்வி. ஆமாம், இல்லை என்பதோடு அது முடிந்துவிடும். ஐயாவை இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "நாம ரெண்டு பேரும் ஊருணிக்குப் போவோமே, அங்கே என்ன பண்ணுவோம்?" அவள் எதையாவது சொன்னால், சரியோ தப்போ, அதைப் பிடித்துக்கொண்டு மேலே இழுக்க வேண்டும். "அப்புறம்? அது என்ன பண்ணுச்சு?" இப்படி விரித்துப் பேசும் தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சிறுவயது நினைவு அதிகம் என்று ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஐயாவுக்கும் அது முடியும்.

தமிழில் கேட்கட்டும். ரஷ்யாவிலிருந்து இளம் வயதில் அமெரிக்கா போன இருமொழிக்காரர்களிடம் ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்யாவில் நடந்தவை அதிகம் வந்தன, ஆங்கிலத்தில் கேட்டால் அமெரிக்காவில் நடந்தவை அதிகம் வந்தன. நெற்குப்பை நினைவை ஆங்கிலத்தில் தேடினால் சிரமம்தான்.

புதுவயல் வாசகி: வீட்டு விசேஷங்களில் எல்லோரும் செல்போனில் படமாக எடுத்துத் தள்ளுகிறார்கள். இதனால் நினைவு கூடுமா, குறையுமா?

எடுத்துத் தள்ளினால் குறையும். லிண்டா ஹெங்கல் அருங்காட்சியகத்தில் செய்த சோதனையில், படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்கள்தான் மறுநாள் நன்றாக நினைவிருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியைக் கிட்டப் பிடித்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை. கவனித்துப் பார்த்தார்கள் அல்லவா. திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்திலாவது போனைப் பைக்குள் போடுங்கள், படக்காரர் ஒருவர் இருக்கிறாரே.

காரைக்குடி மாணவி: வாழ்க்கையில் ஒவ்வொரு நாளும் அப்படியே நினைவிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்படி ஒருவர் இருக்கிறார். ஜில் பிரைஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி; அவரைப் பற்றிய ஆய்வு 2006-ல் வந்தது. பதின்ம வயதிலிருந்து எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை, என்ன செய்தார் என்று சொல்வார். அது ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பது தனக்குப் பெரும் பாரம் என்றுதான் அவர் ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதினார். பாடத்தை மனப்பாடம் செய்வதில் அவர் கெட்டிக்காரரும் இல்லை. உங்கள் செமஸ்டருக்கு அது உதவாது, கண்ணு. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: கெட்ட சம்பவங்களோடு ஒட்டிய உணர்ச்சி, நல்ல சம்பவங்களோடு ஒட்டியதைவிடச் சீக்கிரம் மங்குகிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை குறைவு.

குன்றக்குடி வாசகர்: எதைக் கேட்டாலும் வெள்ளைக்காரர் ஆராய்ச்சியையே சொல்கிறீர்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு அது எப்படிப் பொருந்தும்?

பாதி பொருந்தும். ஹிப்போகேம்பஸ் குன்றக்குடியிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் எந்த வயதிலிருந்து நினைவு ஆரம்பிக்கிறது, அதில் நான் பெரியதா நாங்கள் பெரியதா என்பதெல்லாம் வளர்ப்பைப் பொறுத்தது. சீ வாங் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டபோது, அமெரிக்கரின் முதல் நினைவு சீனரைவிட ஆறு மாதம் போல முந்தியிருந்தது. அமெரிக்கர் தன்னைப் பற்றி நீளமாகச் சொன்னார்கள், சீனர்கள் குடும்பத்தையும் அக்கம்பக்கத்தையும் பற்றிச் சொன்னார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களோ இருவரையும் முந்திவிட்டார்கள். சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னாலேயே அவர்களுக்கு முதல் நினைவு இருக்கிறது. முன்னோர் கதையை வாய்மொழியாகச் சொல்லி வளர்க்கும் பழக்கம் காரணம் என்கிறார்கள். படைப்பு வீட்டில் (முன்னோருக்குப் படைக்கும் வீட்டில்) நாலு தலைமுறைப் பெயரைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு எந்த வயது வரும்? எனக்கும் ஆவல்தான். நான் நகரத்தார் இல்லை, இங்கே பாடம் நடத்த வந்து தங்கிவிட்டவள். வளவில், அதாவது ஒரே பெரிய வீட்டில், ஒன்றாக வளர்ந்த பங்காளிப் பிள்ளைகள், யாருக்கு நடந்தது என்று தெரியாமல் ஒரே கதையைப் பங்கு போடுவதை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன்.

உளவியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதை எடுத்துச் செய்யலாம். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 1879-லேயே ஃபிரான்சிஸ் கால்டன் சொற்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, என்ன நினைவு வருகிறது என்று தன்னிடமே சோதித்தார். நீங்கள் மழை, ரயில், சாவி, பாயசம் என்று சாதாரணச் சொற்களாக இருபது எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி, அதை ஒட்டித் தனக்கு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வயதை நடுவில் கேட்காதீர்கள். இருபதும் முடிந்த பிறகு திரும்பி வந்து, ஒவ்வொன்றும் நடந்தபோது என்ன வயது, எந்த ஊர், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போகாதீர்கள், தூங்கிவிடுவார்கள்.